மறு: ‘வன்பொருள் முடுக்க மறையாக்கம்’ சரிதானா?

> வன்பொருள் முடுக்க மறையாக்கம் என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் பழகிய சொல்.

வணக்கம் அண்ணா. ‘hardware-accelerated encryption’ என்பதற்கு அது பழகிய சொல்தான். ஆனால் இங்கே எது முடுக்கப்படுகிறது? சில்லின் ஓட்டம் கூடுவதில்லையே. ஏஇஎஸ்-256 (AES-256) என்ற மறையாக்க முறையில் தரவைக் கலைத்துப் போட 14 சுற்றுகள். மென்பொருளிலேயே செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் அட்டவணையைப் பார்த்து, பைட்டுகளை இடம் மாற்றி, கலக்கி, சாவியைச் சேர்த்து என்று கட்டளைகள் நீண்டுகொண்டே போகும். 2010இல் இன்டெல் சில்லுகளில் வந்த ஏஇஎஸ்-என்ஐ (AES-NI), ஏஇஎஸ்ஸுக்கென்றே சில்லில் வைத்த கட்டளைகள், ஒரு சுற்று முழுவதையும் ஒரே கட்டளையில் முடித்துவிடுகிறது.

இங்கே சுங்கை சிப்புட்டில் பாட்டி ரப்பர் ஷீட் போட்டதைப் பார்த்திருக்கிறேன். உறைந்த பாலைக் கையால் அமுக்கித் தட்டையாக்கி, அப்புறம் மெஷினில் கொடுப்பார். உருளைக்குள் போய் வந்தால் தண்ணீர் வடிந்து, வரி விழுந்திருக்கும். பாட்டியின் கைக்கு அது வேகம் கொடுக்கவில்லை. அந்த வேலைக்கென்றே செய்த உருளை, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அட்டவணை பார்க்கும் முறையில், எந்த இடத்தைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆகும் நேரம் மாறும். அந்த நேரத்தை அளந்தே சாவியைப் பிடிக்கலாம் என்று 2005இல் மறையாக்க ஆய்வாளர் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் காட்டினார். ஏஇஎஸ்-என்ஐயில் நினைவகத்து அட்டவணைக்கே வேலை இல்லை, ஆகவே அந்த ஓட்டையும் இல்லை. ‘முடுக்கம்’ என்றால் வேகம் மட்டும்தான் காதில் விழுகிறது.

முதலில் ‘சில்லுவழி மறையாக்கம்’ என்று எழுதிவைத்தேன். மென்பொருளும் சில்லில்தானே ஓடுகிறது என்று தங்கச்சி மடக்கிவிட்டாள். சரி, அடித்துவிட்டேன். இப்போது கையில் இருப்பது ‘தனிக்கட்டளை மறையாக்கம்’. மறையாக்க வேலையை வாங்கிச் செய்யும் தனி அட்டைகளுக்கு ‘முடுக்கி’ இருக்கட்டும்.

---

> இப்போது கையில் இருப்பது ‘தனிக்கட்டளை மறையாக்கம்’.

தம்பி, ஷீட் மெஷின் கதையில் விழுந்துவிட்டேன். பிழைச்செய்திக்கும் இது தோதாக இருக்கிறது. ஈப்போவில் என் வீட்டு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் அந்த மாதிரிக் கட்டளைகள் கிடையாது. அங்கே ஏஇஎஸ்ஸை சாச்சா20 (ChaCha20) என்ற இன்னொரு மறையாக்க முறை முந்திவிடும். ‘முடுக்கம் இல்லை’ என்று திரையில் வந்தால் ஏதோ பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ‘தனிக்கட்டளை இல்லை’ என்றால் விஷயம் புரியும்.

ஒரே உறுத்தல்: கட்டளை என்றதும் முனையத்தில் (terminal) நாம் தட்டும் கட்டளையை நினைப்பார்களே? ‘சில்லுக்கட்டளை’ என்று மாற்றலாமா? தங்கச்சியிடம் கேட்டு எழுதுங்கள்.