64-ஆ, 67-ஆ? ஐசியுவில் அப்பாவுக்குப் போட்ட கணக்கு

கோத்தகிரியிலிருந்து:

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு நிமோனியா முற்றி, ரத்தத்தில் கிருமி கலந்து, ஊட்டியில் ஐசியுவில் சேர்த்தோம். அன்று ராத்திரி நர்ஸம்மா முதலில் கேட்டது வயது. ஆதாரில் 67. சின்னப் பையனாக சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது யாரோ காகிதத்தில் போட்ட வருஷம் அது. அத்தை கணக்குப்படி 64 தான். "எதை எழுத?" என்று பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார். மூணு வயசு வித்தியாசத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஆதாரில் உள்ளதையே சொன்னேன்.

மறுநாள் டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். நோய் எவ்வளவு தீவிரம் என்று அளக்க அப்பாச்சி 2 என்று ஒரு கணக்கு, அமெரிக்காவில் 1985-இல் வந்தது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்று 12 அளவுகள். முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு மோசமாகப் போனதோ அதற்குப் புள்ளி. வயதுக்கும் பழைய நோய்க்கும் தனி. மொத்தம் 71 வரை போகும். 64 வயதுக்கு 3 புள்ளி, 65 ஆகிவிட்டால் 5. அப்பாவுக்கு 25 வந்திருந்தது. அத்தை சொன்ன வயதைப் போட்டிருந்தால் 23!

25 வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை என்றார். சித்தப்பா எழுந்துவிட்டார். "உசிரோட வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்ப்பா." டாக்டர் அவர் கையைப் பிடித்து, "ஐயா, இது நூறு பேரைப் பத்திச் சொல்லும். உங்க அண்ணன் எந்தப் பாதியில இருக்கார்னு இதுக்குத் தெரியாது" என்றார். சித்தப்பா மறுபடி உட்கார்ந்தார்.

அப்புறம் தினமும் சோஃபா என்று இன்னொரு கணக்கு போட்டார்கள். நுரையீரல், சிறுநீரகம் என்று ஆறு உறுப்பு மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, கூடினால் மோசம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்தேன்: 11, 11, 8, 6. அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. 19-ஆம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார்.

குன்னூரிலிருந்து, ஐசியு செவிலியர்:

அந்த 12-இல் ஒன்று நினைவு நிலை. கிளாஸ்கோ அளவில் முழு நினைவுக்கு 15. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு புள்ளி ஏறும். வென்டிலேட்டருக்காக மயக்க மருந்து கொடுத்தபின் பார்த்து எழுதினால் 12 வரை வீணாக ஏறிவிடும். அதனால்தான் மருந்துக்கு முன்னால் பேசினாரா, கண் திறந்தாரா என்று உங்களை அவ்வளவு குடைகிறோம்.

மலைக்கும் ஒரு சங்கதி உண்டு. ஊட்டி 2,240 மீட்டர். கடலோரத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம் என்றால் அங்கே 580 வாக்கில்தான். நல்ல உடம்போடு இருப்பவருக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 70-க்குக் கீழே நிற்கும். அப்பாச்சி அதற்கும் ஒரு புள்ளி போட்டுவிடும்.

வயது விஷயத்தில் நானும் பேனாவை நிறுத்துவேன். உண்மையான வயது வீட்டில் யாருக்காவது தெரிந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆதாரைப் பார்த்துத்தான் எழுதுவோம்.