எம்-சாண்ட் கழுவும் தண்ணீர் மழையில் ஓடைக்குப் போகிறது: தொட்டியை ஆழப்படுத்தினால் தீருமா?

குவாரி மேற்பார்வை:
வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கல்குவாரியில் வேலை. கிரஷரோடு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கழுவும் பிளாண்டும் இருக்கிறது. மணிக்குச் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஓடும். வரிசையாக மூன்று செட்டிலிங் தொட்டி (தூள் அடியில் படிவதற்கு), ஒவ்வொன்றும் 6 மீட்டருக்கு 5 மீட்டர், ஆழம் 2 மீட்டர். கடைசித் தொட்டியிலிருந்து மோட்டார் போட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். கோடையில் தொல்லை இல்லை. ஐப்பசி மழை பிடித்தால் தொட்டி நிரம்பி வழிந்து ஓடைக்குப் போகிறது, ஓடை நேரே ஏரிக்கு. வழியும் தண்ணீரில் டி.எஸ்.எஸ். (தண்ணீரில் கலந்து நிற்கும் தூளின் அளவு) லிட்டருக்கு 380 மில்லிகிராம் வந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸும் வந்துவிட்டது. தொட்டியை இன்னும் 2 மீட்டர் தோண்டச் சொல்கிறார் முதலாளி. சரியாகுமா?

கொங்குப் பொறியாளர்:
தம்பி, ஜே.சி.பி.யை நிறுத்தி வையுங்கள். ஆழம் கூடினால் சேறு தங்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். தூள் படிவதைத் தீர்மானிப்பது தொட்டியின் மேல்பரப்பு. 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) கல்தூள் நம்ம ஊர்ச் சூட்டில் மணிக்கு 35, 40 சென்டிமீட்டர் இறங்கும். உங்கள் ஓட்டத்தை, அதாவது மணிக்கு 40 கன மீட்டரை, அந்த வேகத்தால் வகுத்தால் அதைப் பிடிக்கவே 100 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். மூன்று தொட்டியும் சேர்ந்தே 90தான். 2 மைக்ரான் துகள் மணிக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகர்வது சந்தேகம்.

கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து ஜன்னலில் வைத்துப் பாருங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். மறுநாள் காலையிலும் மேலே வெள்ளையாகவே நின்றால், எத்தனை தொட்டி கட்டினாலும் அது தானாகப் படியாது, நுண்தூளைத் திரட்டிப் படியவைக்கும் பாலிமர் போட்டுத்தான் ஆகவேண்டும். அளவை ஜார் டெஸ்ட் (சில ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்ப்பது) வைத்து முடிவு செய்யுங்கள். படிகாரத்தை அள்ளிப் போட்டால் பி.எச். இறங்கும்.

அதைவிட முக்கியம் மழைத் தண்ணீர். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40 ஆயிரம் லிட்டர், அதாவது உங்கள் பிளாண்ட் ஒரு மணி நேரம் ஓட்டும் தண்ணீர். யார்டுத் தண்ணீர் எல்லாம் தொட்டிக்குள் இறங்கினால் எந்தத் தொட்டி தாங்கும்? மேட்டிலிருந்து வரும் நல்ல தண்ணீரைச் சுற்றுவாய்க்கால் வெட்டி வெளியிலேயே திருப்புங்கள். தூள் குவியல் மேல் விழும் மழைக்குத் தனிக் குட்டை வேண்டும்.

லேப்காரர்:
முதலில் கன்சென்ட் ஆர்டரை (வாரியம் கொடுத்த அனுமதி உத்தரவு) எடுத்துப் படியுங்கள். உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு டி.எஸ்.எஸ். 100, பி.எச். 5.5 முதல் 9 வரை. ஆனால் "கழுவும் நீரை முழுவதும் மறுசுழற்சி செய்யவேண்டும்" என்று ஆர்டரில் இருந்தால், 100-க்குக் கீழே கொண்டுவந்தாலும் வெளியே விடுவது மீறல்தான். வெடி வைக்கும் குழித் தண்ணீரை இறைத்து விடுவதாக இருந்தால் நைட்ரேட்டும் பாருங்கள், அம்மோனியம் நைட்ரேட்டின் மிச்சம் அதில் இருக்கும்.

இன்னொன்று. 1974 தண்ணீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி அதிகாரி சாம்பிள் எடுத்தால், நீங்கள் இருக்கும்போதே இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். கேட்டால் இரண்டாவது பாகமும் ஆய்வகத்துக்குப் போகும். அந்த நேரத்தில் ஒதுங்கிப் போய்விடாமல் கூடவே நில்லுங்கள்.

ஏரிப்பாசனம்:
நான் உங்களுக்குக் கீழே இருக்கிற மாதிரி ஒரு ஏரியை நம்பிப் பயிர் வைக்கிறவன். மதகு ஓரம் கல்தூள் படிந்தால் காய்ந்ததும் சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிடுகிறது. நாற்று ஊன்றினால் விரல் இறங்காது. ராத்திரியில் வழிந்தாலும் ஆயக்கட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள், மதகையாவது அடைப்போம்.

லேப்காரர்:
ஐயா சொல்வது மாதிரி சட்டத்திலும் ஒன்று இருக்கிறது. எதிர்பாராமல் உடைந்தோ வழிந்தோ கழிவுநீர் போனால் உடனே வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

குவாரி மேற்பார்வை:
எல்லோருக்கும் நன்றி. கன்சென்ட்டில் முழு மறுசுழற்சி என்றுதான் இருக்கிறது. யார்டு வாய்க்கால் முதல் தொட்டியில்தான் சேர்கிறது, அதை இந்த வாரமே பிரிக்கிறேன். ஏரிக்கார ஐயா, எங்கள் ஊர் ஆயக்கட்டுத் தலைவர் நம்பரை வாங்கி இரவுக் காவலாளியிடம் கொடுத்துவிடுகிறேன். அப்புறம், தொட்டியில் அள்ளும் சேற்றை எங்கே போடுவது? இப்போது ஓடைக்கரையில்தான் கொட்டுகிறார்கள்.

கொங்குப் பொறியாளர்:
அதை இன்றைக்கே நிறுத்துங்கள், அடுத்த மழையில் அத்தனையும் ஏரிக்குத்தான் போகும். ஓடைக்குத் தள்ளி மேட்டில் கரை கட்டிக் காயவையுங்கள். வடியும் தண்ணீர் முதல் தொட்டிக்கே திரும்பட்டும். காய்ந்ததை வெட்டி முடித்த குழியில் நிரப்ப சுரங்கத் திட்டத்தில் (குவாரிக்கு ஒப்புதல் வாங்கிய மைனிங் பிளான்) இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.