பேங்க் ஓவர்டிராப்ட்ட (ஓடிய) நிப்பாட்டிருச்சு, மூணு செக் வெளிய கெடக்கு, என்ன செய்யலாம்?

மஸ்கெலியாக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கடை இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம். அரிசி, மாவு, சீனி, பருப்பு, கொஞ்சம் மரக்கறி, அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து ஆளுங்க கொப்பியில எழுதி சாமான் எடுப்பாங்க, பத்தாந் திகதி சம்பளம் போட்டதும் வந்து கட்டுவாங்க, அந்த நடுவுல ஹட்டன் மொத்தக்கடைக்கு குடுக்க காசு வேணும்ல, அதுக்குன்னே அப்பா காலத்துல இருந்து கரண்ட் எக்கவுண்ட்ல ஓடி இருந்துச்சு, கணக்குல காசு இல்லாட்டியும் லிமிட் வரைக்கும் எடுத்துக்கலாம். லிமிட் 10 லட்சம்.

2022ல வட்டி ஏறினதுல இருந்தே இழுபறிதான். அந்த வருசம் ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே தடவையில 7 வீதம் கூட்டினாங்களே, அதுக்குப் பொறகு ஓடி வட்டிய பாத்தாலே நெஞ்சு அடைக்கும். அப்புறம் கொஞ்சம் எறங்கி மூச்சு விட்டோம், 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்து ரோட்டுல மண் சரிஞ்சு லொறி வரல, வாங்க ஆளும் வரல. சிவனொளிபாதமலைக்கு ஆளுங்க ஏறுற சீசன்ல எடுத்துரலாம்னு நெனச்சேன், அதுவும் ஆரம்பமே மந்தம்.

போன கிழமை பேங்க்ல இருந்து ரெஜிஸ்டர் தபால், முழுக்க இங்கிலீசு. அக்கா மகள் வாசிச்சு சொல்லித்தான் தெரியும், ஓடி ரத்தாம், 14 நாளைக்குள்ள முழுசையும் கட்டணுமாம். அப்ப எடுத்திருந்தது 9,70,000. கூத்து என்னன்னா அந்தக் கடிதம் கைக்கு வாறதுக்கு முந்தின நாள்தான் மொத்தக்கடைக்கு குடுக்க சேத்து வச்சிருந்த 1,85,000த்த அதே எக்கவுண்ட்ல போட்டேன். போட்டது போட்டதுதான், திரும்ப ஒரு ரூவா எடுக்க முடியல. இப்ப 7,85,000 நிக்குது.

வெளிய மூணு செக் இருக்கு, மொத்தம் 4,60,000, முதல் செக் இன்னும் ஒம்பது நாள்ல விழும். சின்ன லொறிக்கு லீசிங் மாசம் 38,000. வீட்டுக்காரி நகை ஏற்கனவே அடகுல. ஓடிக்கு பிணை கையெழுத்து போட்டது ஸ்கூல் மாஸ்டரா இருக்கிற மாமா, அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. கடை அப்பா பேர்ல இருக்கிற வாடகைக் கடை, காணி உறுதி ஒண்ணும் பேங்க்ல இல்ல. ஒருத்தர் நாள் வட்டிக்கு 5 லட்சம் தாறேன்னு நிக்கிறாரு. வாங்கி செக்க காப்பாத்தவா? ராத்திரி தூக்கம் இல்ல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய கவுண்டர்:

தம்பி, இருவத்தி ஆறு வருசம் பேங்க்ல வேல செஞ்சு ஓய்வெடுத்தவன் நான், ஹட்டன்லயும் இருந்திருக்கேன். முதல்ல அந்த நாள் வட்டிக்காரருக்கு ஒரு கும்புடு போட்டு அனுப்பிருங்க. இத சொல்லாம மத்தத சொல்லி பிரயோசனம் இல்ல.

ஓடின்னா கேட்ட நேரத்துல திருப்பி குடுக்க வேண்டிய காசு, நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்லயே அது இருக்கும், அதனால "எப்பிடி நிப்பாட்டலாம்"னு மனேஜரோட சண்ட பிடிச்சு வேல இல்ல. ஏன் நிப்பாட்டினாங்கன்னு நான் ஊகிக்கிறேன். ஓடி ஆடணும். பத்தாந் திகதி காசு விழுந்து எறங்கணும், பொறகு சாமான் எடுக்கையில ஏறணும். உங்களோடது 9 லட்சத்துக்கு மேலயே வருசக்கணக்கா கல்லு மாதிரி நின்னிருக்கும். அப்பிடி நின்னா பேங்குக்கு அது யாவாரத்துக்கு சுத்துற காசு இல்ல, கட்டாம கெடக்கிற லோன். வருசாவருசம் புதுப்பிக்கிற நேரம் ஹெட் ஒபிஸ்ல யாராவது கணக்கு அப்பிடி ஆடாம நிக்கிறத பாத்திருப்பாங்க.

இப்ப அவசரம் ஓடி இல்ல, செக். ஓடிய கட்டாட்டி பேங்க் கடிதம் போடும், கோர்ட்டுக்கு போகும், அதுக்கெல்லாம் காலம் எடுக்கும். செக் அப்பிடி இல்ல. காசு இல்லன்னு தெரிஞ்சுகிட்டே செக் குடுக்கிறது 1990ம் ஆண்டு 2ம் இலக்க கடன் அறவீட்டுச் சட்டத்துல குற்றம். நீங்க எழுதின நேரம் லிமிட் இருந்துச்சு, அது வேற கதை, ஆனா இனி ஒரு செக் கூட எழுதாதீங்க, செக் புத்தகத்த தூக்கி பெட்டியில வைங்க. மூணு பேர்கிட்டயும் செக் விழுறதுக்கு முன்னாடி நேர்ல போங்க. போன்ல வேணாம். உள்ளத குடுத்து, மிச்சத்துக்கு திகதி சொல்லி, பழைய செக்க கையில வாங்கிட்டு வாங்க.

அந்த எக்கவுண்ட்ல இனி யாவாரக் காசு போடாதீங்க. உங்ககிட்ட கடன் இருக்கிற வரைக்கும் வாற காச பிடிச்சுக்க பேங்குக்கு உரிமை இருக்கு, 1,85,000த்துக்கு நடந்தது அதுதான். வேற பேங்க்ல, இதே பேங்கோட இன்னொரு கிளையில இல்ல, ஒரு சாதாரண சேமிப்பு எக்கவுண்ட் தெறந்து சாப்பாட்டுக் காசும் கடைக் காசும் அங்க விடுங்க. இது ஒளிக்கிறது இல்ல, பேங்க்ல கேட்டா நேராவே சொல்லுங்க, கடை ஓடினாத்தான் உங்களுக்கு கட்ட முடியும்னு.

பொறகு கடிதம். 7,85,000த்தையும் தவணை லோனா மாத்தித் தாங்கன்னு எழுத்துல கேளுங்க. கணக்க பாருங்க, ஓடிக்கு 18 வீதம்னு வச்சா வட்டிக்கு மட்டும் மாசம் கிட்டத்தட்ட 12,000 போகும், வாங்கின முதல் காசுல ஒரு சதம் குறையாது. அதே 8 லட்சம் 16 வீதத்துக்கு அஞ்சு வருசம்னா தவணை 19,500 அளவுல வரும், கடைசில கடன் இல்ல. உங்க யாவாரத்துக்கு சீசன் இருக்கு, டிசம்பர் பௌர்ணமி போயாவுல இருந்து வெசாக் வரைக்கும் கூடுதலா கட்டுறேன், மழ மாசத்துல கொறச்சு கட்டுறேன்னு கேளுங்க. கேட்டா குடுத்த இடமும் எனக்குத் தெரியும். 2024ல இருந்து தடுமாறுற யாவாரங்கள பாக்க பேங்குகள்ல தனிப் பிரிவு வைக்கச் சொல்லி மத்திய வங்கி உத்தரவு போட்டிருக்கு, அந்தப் பிரிவு எங்கன்னு பேர் சொல்லிக் கேளுங்க.

கொப்பியில வெளிய நிக்கிற கடன் எவ்வளவு தம்பி? நீங்க அத சொல்லவே இல்ல.


பண்டாரவளை பேக்கரி:

தம்பி எனக்கும் இதே, 2023ல. மாவு வாங்கின ஆளுக்கு செக் குடுத்துட்டு ஓடிய வெட்டிட்டாங்க. நான் செஞ்ச மடத்தனம் என்னன்னா வெக்கத்துல யார்கிட்டயும் போகல, செக் ரிட்டர்ன் ஆச்சு, அவர் கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டது பண்டாரவளை பூரா கேட்டுச்சு. ரெண்டாவது ஆளுகிட்ட முன்னாடியே போயி முப்பதாயிரம் கையில குடுத்தேன், அந்த மனுசன் பிளேன்டி குடிக்க வச்சு செக்க திருப்பி தந்தாரு. ரெண்டு பேருக்கும் நான் குடுக்க வேண்டியது ஏறக்குறைய ஒரே காசு. முன்னாடி போனது மட்டும்தான் வித்தியாசம்.

மாமாகிட்ட இன்னைக்கே சொல்லுங்க. பேங்க் கடிதம் அவர் ஸ்கூலுக்கு போயி அங்க வாசிச்சு தெரிஞ்சா அந்த மனுசன் உங்கள மன்னிக்கவே மாட்டாரு. என்னோட அண்ணன் ரெண்டு வருசம் என் வீட்டு வாசப்படி மிதிக்கல, எல்லாம் இந்த ஒரு விசயத்தால.

இங்கிலீசு கடிதத்துக்கு பயப்படாதீங்க, பேங்க்ல போயி தமிழ்ல சொல்லுங்கன்னு கேளுங்க, இதுல என்ன வெக்கம், நம்ம காசுலதான அவங்களும் வட்டி எடுக்கிறாங்க.


லொறி ராசா:

என்னா எல்லாரும் பயங்காட்டுறீங்க. செக்குக்கு காசு குடுக்காதீங்கன்னு பேங்குக்கு சொல்லி ஸ்டொப் பேமென்ட் போடுங்க, போன் நம்பர மாத்துங்க, ஆறு மாசத்துல அவனுங்களே டீல் பேச வருவானுங்க. என் கூட்டாளி அப்பிடித்தான் செஞ்சான். மிஞ்சினா கிரிப்ல, அதான் கடன் தகவல் பணியகத்துல, பேர் போகும், போனா போகட்டும்.


பழைய கவுண்டர்:

ராசா, உங்க கூட்டாளிக்கு பிணை கையெழுத்து போட்டது யாரு? அவரையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. சரியான காரணம் இல்லாம ஸ்டொப் பேமென்ட் போட்டா செக் ரிட்டர்ன் மாதிரியே வில்லங்கம்தான். கிரிப்ல பேர் போறதுன்னா ஏதோ கறுப்புப் பட்டியல்னு எல்லாரும் நெனச்சுகிட்டு இருக்கோம், அது பேங்குகள் குடுக்கிற கடன் வரலாறுதான், லோன் குடுக்கிறதா இல்லையான்னு முடிவெடுக்கிறது கிரிப் இல்ல, பேங்க். ஆனா பிணை நின்னவர் பேர்லயும் அந்தக் கடன் தெரியும். மாஸ்டர் ரிட்டயர் ஆகிற காலத்துல சின்ன லோன் ஒண்ணு கேட்டு போனார்னா அங்க இது வந்து நிக்கும். தம்பி, உங்க ரிப்போர்ட்ட நீங்களே கேட்டு எடுக்கலாம், எடுத்து பாருங்க, மறந்து போன பழைய கடன் கூட அதுல இருக்கும்.

இன்னொண்ணு, கோர்ட்டுக்கு போகாமலே ஏலம் போடுறாங்கன்னு ஊர்ல பேசுறது 1990ம் ஆண்டு 4ம் இலக்கச் சட்டம், அது பேங்குக்கு ஈடு வச்ச சொத்துக்கு. நீங்க உறுதி ஒண்ணும் வைக்கலன்னா அந்த பயம் வேணாம். பேங்க் பதிலே குடுக்காட்டி, முதல்ல பேங்குக்கு எழுத்துல முறைப்பாடு, பொறகு மத்திய வங்கி 1935 நம்பர், இல்லாட்டி பேங்க் முறைப்பாடுகள விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மன். ஆனா அது பதில் வராட்டி மட்டும்தான், எடுத்த எடுப்புலயே போகாதீங்க.


மஸ்கெலியாக்கடை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நாலு நாளா ஓடித் திரிஞ்சேன், அதான் எழுதல.

பழைய கவுண்டர் அண்ணே, கொப்பிய பத்தி கேட்டீங்கல்ல, உண்மைய சொன்னா நான் அத கூட்டிப் பாத்ததே இல்ல. நானும் வீட்டுக்காரியும் ரெண்டு ராத்திரி உக்காந்து கூட்டினோம். 3,40,000 வெளிய நிக்குது. அதுல ஒரு எழுபதாயிரம் வராது, கொழும்புக்கு வேலைக்கு போனவங்க, செத்துப் போனவங்க ரெண்டு பேரு. மிச்சம் வரும், ஆனா மெதுவாத்தான் வரும், டித்வாவுக்குப் பொறகு அவங்க கையிலயும் இல்ல.

ஹட்டன் மொத்தக்கடைக்காரரு சத்தம் போட்டாரு, கடைசில 60,000 எடுத்துகிட்டு 2,10,000 செக்க திருப்பி தந்தாரு, மிச்சம் மூணு பத்தாந் திகதிக்கு. ஆனா இனி கடனுக்கு சாமான் இல்லன்னுட்டாரு. ரெண்டாவது ஆளும் சரின்னுட்டாரு. மூணாவது ஆளு கொழும்புல, இன்னும் பிடிக்க முடியல, 95,000 செக், அதுக்கு லொறிய ஒரு கிழமை வாடகைக்கு விட்டு காசு சேக்கிறேன், அவர பிடிச்சு கையிலயே குடுத்து செக்க வாங்கணும். நாள் வட்டிக்காரர் ரெண்டு தடவ வந்துட்டு போயிட்டாரு.

மாமாகிட்ட சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பொறகு பேங்குக்கு குடுக்கிற கடிதத்த அவரே எழுதினாரு, மாஸ்டர் இல்லையா, எழுத்துப் பிழை பாத்து சிவப்புப் பேனாவால என்னோட கணக்கையும் திருத்தினாரு. வெள்ளிக்கிழமை மனேஜர் வரச் சொல்லியிருக்காரு, ரெண்டு பேரும் போறோம். அஞ்சு வருசம் கேக்கலாம்னு இருக்கோம், மாசம் 20,000க்கு மேல சொன்னா என்ன பதில் சொல்லன்னு யாராவது எழுதுங்க. இன்னைக்கு சம்பளத் திகதி, கடையில ஆளு நிக்குது, ராத்திரி வந்து பாக்கிறேன்.