டயட்டீஷியனிடம் போவது காசுக்குக் கேடா?

தெற்குத்தெரு:
என் அண்ணி எடை குறைக்க, டயட்டீஷியன் என்று போர்டு மாட்டிய ஓர் இடத்தில் 4,000 ரூபாய் கட்டினார். அச்சடித்த தாள் ஒன்று கிடைத்தது. காலையில் ஓட்ஸ், மதியம் கீன்வா, மாலையில் அவகாடோ. தேனிப் பக்கம் கம்பம் ஊரில் இருப்பவருக்குக் கீன்வா என்ற வெளிநாட்டுத் தானியம்! நான்காம் நாளே தாள் ஃபிரிட்ஜ் மேல் போய்விட்டது. சோற்றைக் குறை, சிறுதானியம் சாப்பிடு, நட. இதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு தொழில் எதற்கு?

பேட்டைவாசி:
அதேதான். 2017இல் சோற்றை விட்டு முட்டை, பாதாம் என்று சாப்பிடும் பேலியோ டயட்டில் இறங்கி ஐந்து மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். பைசா செலவில்லை. (முட்டைக்கும் பாதாமுக்கும் ஆனதைக் கேட்காதீர்கள்.)

கத்தரிப்பிஞ்சு:
இப்போது எத்தனை கிலோ அண்ணே?

பேட்டைவாசி:
அது வேறு கதை. தங்கை கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததோடு சரி. 12 கிலோ திரும்பி வந்துவிட்டது.

கத்தரிப்பிஞ்சு:
நான் அந்தத் தொழில்தான். கோவையில் ஒரு மருத்துவமனையில் 11 வருடம்.

சிறுதானியம் என்றீர்களே, 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கம்பிலும் ஏறக்குறைய 350 கலோரிதான். கம்பில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், அதனால் நல்லது. ஆனால் நாலு கரண்டி சோறு போட்ட தட்டில் ஆறு கரண்டி சாமை போட்டால் எடை எப்படிக் குறையும்?

தாள் எழுதுவது பத்து நிமிட வேலை. மற்றதெல்லாம் கேள்விதான். "காலையில் மூன்று இட்லி சார், அதுக்கே இப்படி ஊதுறேன்" என்பார்கள். டீ எத்தனை என்று கேட்டால் ஆறு வரும். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 60 கிராம் சர்க்கரை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 25 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது. அப்புறம் கூட வந்த மனைவியிடம், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று கேட்பேன். நாலு பேருக்கு ஐந்து லிட்டர் என்றால், ஆளுக்கு நாளைக்கு 40 மில்லி, சுமார் 340 கலோரி. அதை யாரும் சாப்பாடாகவே நினைப்பதில்லை. இட்லியில் நான் கை வைக்கவே மாட்டேன்.

தெற்குத்தெரு:
சரி, நீங்கள் கேட்கிறீர்கள். அண்ணியிடம் யாரும் கேட்கவில்லையே. ஆறு வாரக் கோர்ஸ் முடித்தவரும் போர்டு மாட்டுகிறார், கூடவே பவுடர் டின் விற்கிறார். யார் என்னவென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கத்தரிப்பிஞ்சு:
இது நியாயமான கேள்வி. நான் எம்.எஸ்சி. முடித்து, ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி எடுத்து, இந்திய டயட்டெடிக் சங்கத்தின் தேர்வும் எழுதி வந்தேன். எங்கள் தொழிலையும் சேர்த்து முறைப்படுத்த 2021இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் தெருவில் இருக்கும் போர்டைக் கழற்றச் சொல்லி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. முறையாகப் படித்தும் ஒரே தாளை எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பாருங்கள். நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்காதவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை போடுபவர் யூடியூப் பார்த்து ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அப்படி மயங்கி விழுந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி:
எங்கள் அலுவலகத்தில் இப்போது எடை குறைக்கும் ஊசிப் பேச்சுதான். மவுஞ்சாரோ என்ற ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. இனி இந்தச் சண்டையே தேவையில்லை.

கத்தரிப்பிஞ்சு:
ஊசி போட்டவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். பசி போய்விடும், இரண்டு வாய் ரசஞ்சோற்றோடு எழுந்துவிடுவார்கள். கொழுப்போடு தசையும் கரையும். முட்டை, மீன், பருப்பு எதையாவது உள்ளே தள்ளவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

தெற்குத்தெரு:
அண்ணி வீட்டு எண்ணெய்க் கணக்கைக் கேட்டேன். மூன்று பேர், ஆறு லிட்டர். தினமும் சாயங்காலம் பஜ்ஜி கேட்பது யார் என்றும் கேட்டுத் தொலைத்தேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. 4,000 ரூபாய் தண்டம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.