மூன்று ஏழுமலைகளும் ஒரு எச்.ஆர். அப்ரண்டிஸும்

ஸ்ரீபெரும்புதூர், 2022–23

பி.காம். முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரு வருடம் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அப்ரண்டிஸாக, அதாவது பயிற்சி பெறுகிறவளாக, இருந்தேன். எச்.ஆர். என்றதும் ஏசி அறையில் உட்கார்ந்து நாலு பேரை இன்டர்வியூ எடுப்பேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும்தான். முதல் நாள் என்னைக் கொண்டுபோய் விட்டது வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில். கேட்டை ஒட்டி ஒரு அறை, மூன்று பீரோ, எப்போதும் மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். "பஞ்ச் விழலை மேடம்" என்று காலை ஆறு மணி ஷிப்டில் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். விரலில் ஆயில் இருந்தால் அந்த மெஷின் யாரையும் அடையாளம் காணாது. மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவர் விரலில் ஆயில் இல்லாமல் பன்னீரா இருக்கும்?

இரண்டு மாதம் கழித்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) வேலைக்கு மாற்றினார்கள். எச்.ஆர். என்பது முக்கால்வாசி பெயர் திருத்தும் வேலை என்று அங்கேதான் புரிந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் அதுவே பின்னால் போயிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும், பி.எஃப். போர்ட்டலுக்கு மட்டும் தெரியாது. போதாததற்கு நம்ம ழகரத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவது வேறு.

பெயின்ட் ஷாப் அண்ணா ஒருவர். அவர் பெயரை ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 வருட சர்வீஸ். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கல்யாணச் செலவுக்கு பி.எஃப்.பில் அட்வான்ஸ் எடுக்கலாம். அப்போதிருந்த விதிப்படி ஏழு வருடம் முடித்திருந்தால் தன் பங்கில் பாதி வரை கிடைக்கும். இவர் இரண்டு முறை போட்டும் திரும்பி வந்துவிட்டது. ஃபைலை எடுத்துப் பார்த்தால் மூன்று ஏழுமலை இருக்கிறார்கள். ஆதாரில் எல் போட்டவர், பி.எஃப்.பில் இசட்-எச் போட்டவர், பேங்கில் ஒய்யில் ஆரம்பிப்பவர்.

"என் பேர்ல ஏழு மலை இருக்கு பாப்பா. ஒண்ணைக்கூட இவங்களால ஒழுங்கா எழுத முடியலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. ஏனென்றால் பி.எஃப்.பில் இருந்த தப்பு 2003இல் அவர் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸில் யாரோ டைப் அடித்தது.

தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போடும் ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுத்தால் திருத்துவார்கள். ஊரில் படித்த பள்ளியின் டி.சி.யைத் தேடி எடுத்துவரச் சொன்னேன். பேங்கிலும் பெயரை மாற்றச் சொன்னேன். எங்கள் மேனேஜர் மேசையில் அந்தப் பேப்பர் பதினோரு நாள் கிடந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் மேசையில் அப்படி நாற்பது பேப்பர் இருந்தது. நான் தினமும் காலையில் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன், சாயங்காலத்துக்குள் அடியில் போய்விடும்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் பணம் வந்தது. அதற்குள் அவர் வெளியே மூன்று வட்டிக்கு வாங்கிவிட்டார். ஆனாலும் லட்டு கொண்டுவந்து கொடுத்தார். அப்போது கேட்டார், "உனக்கு எவ்ளோ பி.எஃப். பிடிக்கிறாங்க?"

எனக்குப் பிடிப்பதே இல்லை என்றேன். அப்ரண்டிஸ் சட்டம் 1961, பதினெட்டாவது பிரிவு. அதன்படி நாங்கள் பயிற்சி பெறுகிறவர்கள், தொழிலாளிகள் அல்ல. அதனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடும் இல்லை. மாதம் 9,000 ரூபாய் ஸ்டைபண்ட், அதிலும் பாதியை அரசு கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ இத்தனை நாளா நீ இங்க வேலை செய்யலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. லட்டைச் சாப்பிட்டேன்.

ஓசூர், 2019

நானும் எச்.ஆர். அப்ரண்டிஸாக இருந்தவன்தான். ஸ்ரீபெரும்புதூரில் நீங்கள் பெயர் திருத்தினீர்கள், ஓசூரில் நான் சாம்பார் திருத்தினேன். கேன்டீன் கமிட்டி மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதுவதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு. ஓசூர் என்பதால் ஒரே பந்தியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, அப்புறம் ஒடிசா, பீகார் பையன்கள். சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. அதை ஆபீஸ் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் "இனிப்பு குறித்து உறுப்பினர்கள் கருத்து தெரிவித்தனர்" என்ற அளவில் முடித்தேன்.

அதைவிடப் பெரிய சண்டை விடுமுறைப் பட்டியலுக்கு. தமிழ்நாட்டுச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் கட்டாயம், கூட ஐந்து பண்டிகை நாள். அந்த ஐந்தில் பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜையை யாரும் தொட விடமாட்டார்கள். மிச்சம் இரண்டுக்குள் யுகாதி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், தமிழ்ப் புத்தாண்டு எல்லாம் அடங்க வேண்டும். ஊர் ஊராகப் பஞ்சாயத்து பண்ணுகிறவர்கள் இந்த மீட்டிங்கில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சென்னை, பழைய அப்ரண்டிஸ்

இப்போது சேரப்போகிறவர்களுக்கு ஒன்று. ஆஃபர் லெட்டர் கையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம் நாட்ஸ் (அரசின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) போர்ட்டலில் ஏறியிருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். நான் இருந்த இடத்தில் நாலு மாதம் கழித்துத்தான் ஏற்றினார்கள். அந்த நாலு மாதமும் சான்றிதழ் கணக்கில் வரவில்லை. தரமணியில் இருக்கும் பயிற்சி வாரிய அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். "கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள். கம்பெனியில் கேட்டால் அந்த வேலையைப் பார்த்தவரே ஒரு அப்ரண்டிஸாம், வருடம் முடிந்து போய்விட்டாராம்.

ஸ்ரீபெரும்புதூர், மீண்டும்

சென்னையிலிருந்து நீங்கள் சொன்னதும் என் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. இனிஷியல் மட்டும் முன்னால் இருக்கிறது. ஆதாரில் எனக்குப் பின்னால்.