ஸ்ப்ளெண்டர் பிளாக்கில் கீறல்: ரீபோர் செய்வதா, பழைய பிளாக் வாங்குவதா?

பன்வண்டி (போளூர்):

வணக்கம். போளூரிலிருந்து பன், ரொட்டி, வர்க்கி ஆகியவற்றைப் பெட்டி கட்டி ஏற்றிச் சென்று, ஜமுனாமரத்தூர் வரை உள்ள மலைக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். வண்டி 2008-ஆம் ஆண்டு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். மீட்டர் 91,000 கிலோமீட்டரைத் தாண்டியுள்ளது. சென்ற வாரம் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் சென்றபோது, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் வண்டி மந்தமாகி, பின்சக்கரம் ஒரு முறை தரையில் தேய்ந்து, அப்படியே நின்றுவிட்டது. கிக்கர் அசையவே இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு இறங்கியது, வண்டியும் கிளம்பியது. ஆனால் அன்றிலிருந்து சைலன்சரில் நீலப் புகை வருகிறது. ஏற்றத்தில் இழுவை இல்லை.

மெக்கானிக், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். சிலிண்டரின் உட்சுவரில், சைலன்சர் பக்கமாக, மேலிருந்து கீழாக மூன்று கோடுகள் தெரிகின்றன. பிளாக் (சிலிண்டர் உள்ள பகுதி), அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் அனைத்தையும் மாற்ற 11,000 ரூபாய் ஆகும் என்கிறார். என்னால் இப்போது புரட்டக்கூடியது 5,000 ரூபாய்தான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, ரீபோர் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சற்றே பெரிதாக்குவது) செய்யலாமா, அல்லது பழைய பிளாக் ஒன்றை வாங்கிப் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லவும்.

மொபட் காலத்தவன்:

ரிங் மட்டும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். என் தம்பியின் வண்டிக்கு அப்படிச் செய்து, இரண்டே மாதத்தில் அதே புகையோடு மீண்டும் அதே பட்டறையில் நின்றோம். கூலி இரண்டு முறை கொடுத்ததுதான் கண்ட பலன்.

லேத் பட்டறை (வேலூர்):

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிஸ்டன் அலுமினியம், உங்கள் வண்டியின் பிளாக்குக்குள் உட்சுவராக இருக்கும் குழாயான ஸ்லீவ் வார்ப்பிரும்பு. எண்ணெய் குறைந்து சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்போது, மென்மையான அலுமினியம் உருகி இரும்பின் மேல் ஈஷிக்கொள்வது உண்டு. அது பார்வைக்குக் கீறலைப் போலவே இருக்கும். ஆகவே ‘மூன்று கோடு’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டுகிறதா, மேட்டில் ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். மேடு என்றால், நைஸ் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பள்ளம் என்றால் அது இரும்பிலேயே விழுந்த கீறல், ரீபோர்தான் வழி.

அடுத்தது அளவு. ஸ்ப்ளெண்டரின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ. சிலிண்டர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ என்ற தண்டுக்குக் குறுக்கான திசையில்தான் அதிகம் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளில், உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். முட்டை வடிவச் சிலிண்டருக்குள் வட்டமான புது ரிங் போட்டால் அது எப்படிப் பொருந்தும்? மேலே நண்பர் இரண்டு முறை கூலி கொடுத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

கடைந்த சிலிண்டருக்கான ஓவர்சைஸ் (வழக்கத்தைவிடப் பெரிய) பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. எனப் படிப்படியாகக் கிடைக்கின்றன. 0.25 போதுமானால் அதற்கு மேல் போகாதீர்கள். மீதி உள்ள படிகள் பிற்காலத்துக்கு உதவும். கொள்ளளவு 97.2 சி.சி.யிலிருந்து 98 சி.சி. சொச்சமாக மாறும், அவ்வளவுதான். ரீபோர் செய்தால் வண்டியின் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஒரு வேண்டுகோள்: எந்தப் படி என்று அளவெடுத்து முடிவான பிறகு பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்து லேத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கையில் உள்ள பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது, தைத்துவிட்டு ஆளைத் தேடுவது போன்றது.

புதுப்பேட்டைக்காரன் (சென்னை):

பழைய பிளாக் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். புதுப்பேட்டையில் ஸ்ப்ளெண்டர் பிளாக் குவிந்து கிடக்கும், விலையும் குறைவுதான். ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஏற்கெனவே எத்தனை முறை ரீபோர் செய்யப்பட்டது என்பது விற்பவருக்கே தெரியாது. அதை வாங்கி வந்தாலும் அளந்து, பெரும்பாலும் கடையத்தான் வேண்டியிருக்கும். அப்படியானால் உங்கள் சொந்தப் பிளாக்கையே கடைவதுதான் மலிவு. உங்கள் பிளாக் ஏற்கெனவே 1.00 வரை போயிருந்தாலோ, ஸ்லீவ் வெடித்திருந்தாலோ, வெளிப்புறம் சூட்டைத் தணிக்கும் தகடுகளான ஃபின்கள் உடைந்திருந்தாலோ மட்டும் பழைய பிளாக்கைத் தேடலாம்.

வாங்குவதானால் பிளாக் மட்டும் வாங்குங்கள். எஞ்சின் எண், பிளாக்குக்கு அடுத்துக் கிராங்க் இருக்கும் கூடான கிராங்க் கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிளாக்கை மாற்றினால் ஆர்.சி.யில் ஒன்றும் மாறாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று முழு எஞ்சினைத் தூக்கி வந்து மாட்டினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். அந்தப் பழைய எஞ்சின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் கதையே வேறு.

ரீபோர் என்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ் உள்ள வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும். யமஹா ஆர்15 போன்ற, ஸ்லீவே இல்லாத முழு அலுமினிய சிலிண்டர்களை இப்படிக் கடைய முடியாது.

லேத் பட்டறை (வேலூர்):

கிராங்க்கைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். பணம் அதிகம் போகும் இடம் அதுதான். பிளாக்கைக் கழற்றிய பின், பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து அதன் நீளவாக்கில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ‘டக்’ என்ற ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் பேரிங் போய்விட்டது, மெக்கானிக் சொல்வது சரி. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. அதைக் காட்டி யாராவது கிராங்க் போய்விட்டது என்றால் ஏமாறாதீர்கள்.

இன்னொரு கேள்வி: எண்ணெய் ஏன் குறைந்தது? காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்து பிறகு நின்றுவிடுமா? எண்ணெய் அளவை எப்படிப் பார்ப்பீர்கள்?

பன்வண்டி (போளூர்):

அனைவருக்கும் நன்றி. நேற்று பிளாக்கை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குச் சென்றேன். மூன்று கோடுகளில் இரண்டு, எமரித் தாளில் தேய்த்தவுடன் வெள்ளித் தூளாகக் கையோடு வந்துவிட்டன. மூன்றாவதில் நகம் மாட்டியது. அளந்ததில் 0.25 போதும் என்றார்கள். ராடில் ஆட்டம் இல்லை; மெக்கானிக்கும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, கிராங்க் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். பிஸ்டன், ரிங், பின், லாக், கேஸ்கட், லேத் கூலி, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து 4,300 ரூபாயில் முடியும் போலிருக்கிறது.

நீங்கள் கேட்டபடியே காலையில் மட்டும் புகை வந்து நின்றுவிடும். பல மாதங்களாக அப்படித்தான். எண்ணெய் அளவு குச்சியைத் துடைத்து, திருகி மூடி, மறுபடி கழற்றிப் பார்ப்பேன். எப்போதும் கோட்டுக்கு மேலேயே காட்டியது.

லேத் பட்டறை (வேலூர்):

விஷயம் அங்கேதான் இருக்கிறது. காலைப் புகை என்றால், ஹெட்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பரான வால்வ் சீல் இறுகிப்போய், இரவெல்லாம் எண்ணெய் கசிந்து இறங்குகிறது என்று பொருள். ஹெட் இப்போது கையில் இருக்கும்போதே இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள், சில்லறைச் செலவுதான். குச்சியைத் திருகக் கூடாது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, துடைத்த குச்சியைத் துளையில் வெறுமனே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி ஆழமாக இறங்கி, இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும்.

பூட்டும்போது உடனிருங்கள். கடைந்த பிளாக்கைப் பெட்ரோலில் மட்டும் கழுவினால் ஹோனிங் (கடைந்தபின் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்த தூள் சுவரிலேயே தங்கிவிடும். சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரை கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் துருப் பிடிக்கும். பிஸ்டன் தலையில் ‘ஐ.என்.’ என்று பொறித்த பக்கம் கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும். பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் லாக்கை மாட்டும்போது கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்; அந்தச் சிறு கம்பி உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க நேரும். கேஸ்கட்டில் பேஸ்ட்டை அப்ப விடாதீர்கள்; எண்ணெய்த் துளை அடைபட்டால் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறாது.

முதல் 500 கிலோமீட்டர் பெட்டி கட்டி மலை ஏற வேண்டாம்; அதுவரை சமவெளிக் கடைகளுக்கு மட்டும் போடுங்கள்.

பன்வண்டி (போளூர்):

சீல் இரண்டையும் மாற்றியாயிற்று. பழையவை நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல் உடைகின்றன. நாளை பூட்டுகிறார்கள். மலைக் கடைக்காரர்களிடம் மூன்று வாரத்துக்குப் பேருந்தில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன்.