யாரோ வீட்டை போட்டோ எடுத்து நம்ம ஹால்ல மாட்டின கதை

மிச்சிகன்ல ஸ்லீப்பிங் பேர் ட்யூன்ஸ் போறவங்க எல்லாரும் மணல் மேட்டுல ஏறிட்டு ஐஸ்கிரீம் சாப்ட்டுட்டு திரும்பிடறாங்க, க்ளென் ஆர்பர் தாண்டி எம்-22 ரோட்ல இன்னும் கொஞ்சம் வடக்க போனா போர்ட் ஒனைடான்னு ஒரு பழைய விவசாய ஊர் அப்படியே நிக்குது, அதை யாரும் சொல்றதே இல்ல. நாங்க டெட்ராய்ட் பக்கம், நாலு மணி நேரத்துக்கு மேல டிரைவ். ஹால் சுவர் ரெண்டு வருஷமா காலியா கிடக்கு, கடையில விக்கிற படம் வேணாம், நானே எடுத்து மாட்டறேன்னு வீட்ல வாய விட்டுட்டேன், அதுக்காகவே ஜூன் மொத வாரம் கிளம்பினோம்.

அங்க மொதல்ல குடியேறினவர் கார்ஸ்டன் பர்ஃபீண்ட், ஜெர்மனில ஹானோவர்ல இருந்து வந்து மீன் பிடிச்சிட்டு இருந்தவர், 1852ல இங்க நிலம் வாங்கினார். அப்புறம் ஹானோவர், பிரஷ்யான்னு ஜெர்மன் பக்கத்து ஆளுங்க ஒவ்வொரு குடும்பமா வந்திருக்காங்க. மரத்தை வெட்டி ஏரில போற நீராவிக் கப்பலுக்கு விறகு வித்திருக்காங்க, ஊருக்கு பேரே அப்படி ஒரு கப்பலோட பேர்தான். காடு தீர்ந்ததும் விவசாயம், ஆனா மணல் பூமி, பெருசா என்ன விளையும்? அதனாலதானோ என்னவோ யாரும் இடிச்சு புதுசா கட்டல, நமக்கு படம் கிடைச்சுது.

நான் போய் டிரைபாட் போட்டது ஒரு பெரிய பார்ன் (மாடு, வைக்கோல் வைக்கிற மரக் கொட்டகை) முன்னாடி. நாயை கூட்டிட்டு வாக்கிங் வந்த ஒரு பாட்டி, எண்பது வயசு இருக்கும், நின்னு பார்த்துட்டு, "எல்லாரும் பார்னைத்தான் எடுக்கறீங்க, வீட்டுக்கு பின்னாடி போய் பாரு"ன்னாங்க. போனா சமையல்கட்டு கதவு பக்கத்துல ஆள் உயரத்துக்கு மேல லைலாக்னு ஒரு பூச்செடி பூத்து குலுங்குது. வீட்டு பொம்பளைங்க வச்ச செடியாம், வீடே இல்லாம போன இடத்துல கூட இது மட்டும் நிக்கும், அதை வச்சே இங்க ஒரு வீடு இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாமாம். அவங்க சொந்தக்காரங்களுக்கும் அந்தப் பக்கம் நிலம் இருந்திருக்கு, 1970ல இந்த இடமெல்லாம் அரசாங்க பார்க் ஆனப்புறம் வித்துட்டு போயிட்டாங்களாம். "நல்லாத்தான் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க, ஆனா துணி காயற கொடி ஒண்ணாவது இருக்கா பாரு"ன்னு சொல்லிட்டு நாயை இழுத்துட்டு போயிட்டாங்க. எனக்கு பதில் வரல.

மேகமூட்டம் நல்லதா போச்சு, வெள்ளை பலகை வீடு வெயில்ல வெளுத்து போயிடும். கிட்ட நின்னு வைடு லென்ஸ்ல எடுத்தா சுவரெல்லாம் சாயுது, பின்னாடி போய் 50 எம்எம் லென்ஸ்ல கேமராவை லெவலா வச்சு எடுத்தேன்.

ஊர்ல இருந்து அம்மா வந்திருந்தாங்க. பார்ன் படத்தை காட்டினதும், "ஆளில்லாத வீட்டு படத்தை நடு ஹால்ல மாட்டுவாங்களாடா, விளக்கு வைக்கிற வீட்ல?" லைலாக் படத்தை காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பூ இருக்குல்ல, இதை மாட்டு"ன்னாங்க. முடிஞ்சது.

பிரின்ட்லதான் அடி வாங்கினேன். 24க்கு 36 இன்ச் கேன்வாஸ் துணில பிரின்ட் ஆர்டர் பண்ணேன், ஓரத்தை சட்டத்துல மடிச்சு ஒட்டுவாங்கன்னு மண்டையில ஏறல, புகைக்கூண்டு மடிப்புக்குள்ள போயிடுச்சு. 130 டாலர் போச்சு.

---

புகைக்கூண்டு மேட்டர் எனக்கும் நடந்திருக்கு சகோ 😄 படத்துல சுத்தியும் ரெண்டு இன்ச் மடிப்புக்கு சும்மா விட்டு எடுங்க, இல்லன்னா கேன்வாஸே வேணாம், மேட் பேப்பர்ல (பளபளப்பு இல்லாத பேப்பர்) போட்டு கண்ணாடி ஃப்ரேம். ஸ்க்ரீன்ல பாக்கறதை விட பிரின்ட் இருட்டா வரும், கொஞ்சம் பிரைட் பண்ணி அனுப்புங்க. எங்க வீட்லயும் அதே டயலாக்தான், பாழடைஞ்ச வீடு படம் ஆகாதுன்னு, நான் எடுத்தது கராஜ்ல தொங்குது.

---

மேட் பேப்பர்லதான் ரெண்டாவது தடவை போட்டேன், சூப்பரா வந்துச்சு. அந்த பாட்டிக்கு ஒரு காப்பி அனுப்பணும்னு ஆசை, பேர் கூட கேக்கல மடையன் நான். அடுத்த ஜூன் அதே வாரம் போறோம், ஒரு சின்ன பிரின்ட் கார்லயே எடுத்துட்டு போறேன், நாயோட வந்தாங்கன்னா குடுத்துடுவேன்.